கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாமா

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் இருந்த மெரெ அன்ரியைத் தமிழ்ப் பெண் என்றுதான் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். நாங்கள் கீழ்வீட்டுக்குக் குடிவந்த அன்று வாசலில் எதிர்ப்பட்டவரிடம், எந்த ஊர் என்று எடுத்த எடுப்பிலேயே தமிழில் விசாரித்தார். மாநிறம், அடர்ந்த சுருள்முடி, அகன்ற தோள்கள். மட்டக்களப்புப் பக்கமாக இருக்கும் என்பது அம்மாவின் ஊகம். அவர் அம்மா சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் மொழியில் அதே அளவு நீளத்துக்கு எதையோ சொன்னார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அம்மா உள்ளே வந்து, அவ மலையாளமாக்கும் என்று அப்பாவிடம் அறிவித்தார்.

மலையாளம் இல்லை, நியூசிலாந்தின் மாவோரி இனத்தவர் என்பதைக் கண்டுபிடித்தவர் அப்பா. நியூசிலாந்தைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். அத்தனை வருடம் வானொலிக்கு முன்னால் இருந்தும், வெள்ளைக்காரருக்கு முன்பே அங்கே ஒரு சனம் இருந்ததை ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவர் கொஞ்சம் வருந்தினார்.

பெயரும் குழப்பம்தான். மெரெ என்பது அம்மாவின் காதில் மேரி என்று விழுந்தது. நாங்கள் மன்னாரில் கடற்கரையோரத்துக் கத்தோலிக்கர். மாதாவின் பெயரோடு மேல்வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று மகிழ்ந்துபோன அம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும்படி அவரைக் கூப்பிட்டார். மேரி என்பதைத் தன் ஆட்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டதுதான் மெரெ என்று அவர் பிறகு விளக்கினார். ஆகவே அம்மா கூப்பிட்டதில் பிழை இல்லை. ஆனால் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவரை வலுக்கட்டாயமாக மேரியாக்கி வைத்திருந்தாராம். அதனால் மேரி என்று கூப்பிட்டால் அவர் யாருக்கும் திரும்புவதில்லை. அம்மாவுக்கு மட்டும் திரும்பினார்.

வாரநாட்களில் அவர் சிவப்பு பஸ் ஒன்றில் கண்டக்டர். சனிக்கிழமைகளில் போராடினார். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் சனிக்கிழமைகளில் உடுப்புத் தோய்ப்பார்கள், கடைக்குப் போவார்கள்; அவர் சுலோகம் எழுதிய மட்டையும் தடியுமாகப் புறப்பட்டுவிடுவார். ஒரு கிழமை தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நிற்பார். இன்னொரு கிழமை, பசிபிக் கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதற்கு எதிராகப் போவார். பிறகு தாதிமாரின் சம்பளத்துக்காக. மட்டைகள் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான படிக்கட்டில் சாத்தியிருக்கும். அகதிகளைத் திருப்பி அனுப்பாதே என்று எழுதிய மட்டை ஒன்றை ஒருமுறை அப்பா அங்கே பார்த்தார். நல்ல விஷயம்தான், ஆனால் எழுத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தால் இன்னும் நல்லது என்று என்னிடம் சொல்லியனுப்பினார். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வந்திருக்கவில்லை. முடிவு வரும்வரை இந்த நாட்டில் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும் என்பது அப்பாவின் கொள்கை.

அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான். எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அன்ரிக்குத் தமிழ் வராது. அம்மா மீன் வெட்டும்போது அன்ரி குசினி வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்று கதைப்பார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவேன். இளம்பெண்ணாக இருந்தபோது தன் ஆட்களோடு சேர்ந்து நிலத்துக்காகக் கிழமைக்கணக்கில் நடந்ததாக அவர் ஒருநாள் சொன்னார். நான் காணிக்காக நடந்தவ என்று மொழிபெயர்த்தேன். அம்மாவின் முகத்தில் உடனே ஓர் அக்கறை வந்துவிட்டது. காணிப் பிரச்சினை என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை.

"எவ்வளவு காணியாம்? கேள்."

கேட்டேன். அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை அப்படியே தமிழில் சொன்னேன்.

"முழுக்கவாம்."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் ஒரு பங்கு மேல்மாடிக்குப் போகத் தொடங்கியது.

அந்த வருடக் குளிர்காலத்தின் முடிவில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு பகலில், கொழும்பிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. துப்பாக்கிச் சூடு விழுந்த வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்த செய்தி. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது அம்மாவுக்குத் தலையிடி என்பதுதான். தொலைபேசி பொது நடைபாதையில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்திருந்த அன்ரிதான் எடுத்து அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். அன்ரி பக்கத்தில் இருந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டாராம். வேலையால் வந்த அப்பாதான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

அம்மா அழக்கூடாது என்று அப்பா சொன்னது கொடுமையால் அல்ல. உடலைக் காணாமல் அழுதால், ஆள் செத்துப்போனான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டதாக ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். இந்தியாவில் கரையேறியிருக்கலாம், எங்காவது சிறையில் இருக்கலாம். நம்பிக்கையைக் கைவிடாமல் இருக்கும் பொறுப்பை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார். அதனால் எங்கள் வீட்டில் கறுப்பு உடுப்பு இல்லை, பூசை இல்லை, ஒப்பாரி இல்லை. அம்மா சமைத்தார், கூட்டினார், என் தலையைப் பின்னிவிட்டார். செபமாலை சொல்லும்போது மட்டும் இடையில் குரல் நின்றுபோகும். அப்பா அந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லி முடிப்பார்.

இப்படியே சில கிழமைகள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அன்ரி கீழே வந்தார். நகரின் நடுவில் ஒரு அருங்காட்சியகத்தில் தன்னுடைய சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், மாதத்தில் ஒருதரம் போய்ப் பார்ப்பது வழக்கம், நாளைக்கு அம்மாவும் வரமுடியுமா என்று கேட்டார். அங்கே வேலை செய்கிறாரா என்று நான் கேட்டேன். இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார், நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறார், பார்க்க ஆட்கள் வராவிட்டால் அவருக்குத் தனிமையாக இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

அன்ரி அதன்பிறகு சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். "தங்கடை ஆக்கள் ஒருத்தருக்காக அழேக்கை எல்லாருக்காகவும் சேத்துத்தான் அழுவினமாம். நீங்கள் உங்கடை ஆளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

உங்கடை ஆள் என்றது என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு, அடுத்தநாள் காலை என் சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றேன். அப்பா மறுப்புச் சொல்லவில்லை. அன்ரி போகிற இடங்களில் மட்டையும் பொலிசும் இல்லாத ஒரே இடம் அருங்காட்சியகம்தான், பிள்ளைக்கும் அறிவு வளரும் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

புறப்படும்போது அன்ரி வீட்டு முன்வேலியில் இலைகளோடு சில கொப்புகளை முறித்து வளையமாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். அவருடைய ஊரில் அழப் போகும்போது சூடுவதற்கென்று ஒரு செடி இருக்கிறதாம், லண்டனில் வேலிதான் கிடைக்கும் என்றார். அம்மாவின் கையிலும் ஒரு கொப்பைக் கொடுத்தார். சுரங்க ரயிலில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அருங்காட்சியகத்தில் அந்தக் கூடம் நீளமானது. கடைசியில், தரையிலிருந்து கூரைவரை உயர்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் நின்றார். மரத்தில் செதுக்கிய மனிதர். உடம்பெல்லாம் சுழிசுழியாகக் கோடுகள், வெளியே நீட்டிய நாக்கு, நீலமும் பச்சையுமாக மினுங்கும் கண்கள். "சிப்பி," என்றார் அம்மா மெதுவாக. "கண்ணுக்குச் சிப்பி வைச்சிருக்கு." மரத்து மனிதர் எனக்குப் புதிதல்ல. எங்கள் பங்குக் கோவிலில் அந்தோனியாரும் சூசையப்பரும் மரத்தில்தான் நின்றார்கள்; அவர்களோடும் அம்மா கதைப்பார். இவர் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதுதான் வித்தியாசம்.

அன்ரி உடனே கிட்டப் போகவில்லை. கூடத்தின் வாசலிலேயே நின்றார். ஓர் அடி எடுத்துவைத்துவிட்டுத் திரும்பவும் பின்னால் வந்தார். பொலிசுக்காரர்களுக்கு முன்னால் நின்று கத்துகிறவர் ஒரு மரச்சிலைக்கு ஏன் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் குனிந்து, அம்மாவிடம் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னார். ஊரில் என்றால், கிட்டப் போகமுன் முன்னோரைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவது பெரியம்மாமாரின் வேலை, அவர்கள் இருக்கும்போது தான் குசினியில் நிற்கவேண்டிய ஆள். தன் மொழியைப் பள்ளிக்கூடத்தில் அடித்து மறக்கச் செய்துவிட்டார்கள். அதைத் திரும்பப் படித்ததே லண்டனில்தான், புதன்கிழமை மாலைகளில் ஒரு மண்டபத்தில், ஊர் ஞாபகம் வந்த மற்றவர்களோடு சேர்ந்து. தான் கூப்பிடுவது பெட்டிக்குள் நிற்பவருக்கு விளங்குமோ தெரியாது.

நான் என்னால் முடிந்தளவு சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "கூப்பிடச் சொல்லு," என்றார். "சொல் பிழைச்சாலும் குரல் தெரியும்."

அன்ரி கூப்பிட்டார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. தூரத்தில் போகும் ஒருவரைக் கரையில் நின்று கூப்பிடுவதுபோல நீளமாக எழுந்து கூரையில் மோதி விழுந்தது. ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போனார். அம்மா அவருக்குப் பக்கத்தில் கொப்பைப் பிடித்தபடி நடந்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன்.

நரைத்த மீசைக் காவலாளி ஒருவர் வேகமாக வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, போனமாதமும் சொன்னோம், நிறுத்தாவிட்டால் பொலிசைக் கூப்பிடவேண்டிவரும் என்றார். பொலிஸ் என்ற சொல் அம்மாவுக்கு விளங்கும். அன்ரி என் பக்கம் திரும்பினார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியே போய்விடு, உங்கள் விண்ணப்பத்துக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"போகேலாது எண்டு சொல்லு," என்றார் அம்மா.

கையை விடுவித்துக்கொண்டு நேரே கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவின் வாயிலிருந்து வந்த சத்தம், எங்கள் வீட்டில் அத்தனை கிழமையும் எங்கே இருந்தது என்று தெரியாத சத்தம்.

"இவ்வளவு தூரம் வந்தோ நிக்கிறாய், தம்பி... அக்காவைத் தேடிக்கொண்டு வந்தோ நிக்கிறாய்..."

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அன்ரி அம்மாவின் முதுகில் கைவைத்துத் தன் மொழியில் அழுதார். இரண்டு மொழியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்த காவலாளி அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார். இந்த அம்மாவுக்கும் அவர் சொந்தமா என்று அன்ரியிடம் கேட்டார்.

அன்ரி ஆங்கிலத்தில், ஓம், இவரின் தம்பி என்றார்.

காவலாளி சிலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கூடத்தின் வாசலுக்குப் போனார். அங்கே நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஈரத்தரை கவனம் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் குறுக்கே வைத்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குப் பக்கத்தில் நின்றார். தரை முழுவதும் காய்ந்துதான் இருந்தது.

அழுது முடிந்ததும் அன்ரி, தன் ஆட்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் முறைப்படி, கண்ணாடியில் நெற்றியையும் மூக்கையும் வைத்து மூச்சுவிட்டார். அம்மாவும் அப்படியே செய்தார். கண்ணாடியில் இரண்டு வட்டமாக மூச்சின் ஆவி படிந்து மறைந்தது.

வெளியே வந்து, முற்றத்துக் குழாயில் இருவரும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள். சாவுள்ள இடத்துக்குப் போய்வந்தால் எங்கள் ஊரிலும் தண்ணீர் வார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது எனக்குத் தெரியாதபடியால், வெயில் என்று நினைத்தேன். வெயில் இருக்கவில்லை. பிறகு கல்படிகளில் இருந்து, அம்மா கட்டிக்கொண்டு வந்த மீன் அடைத்த பணிஸ் ரொட்டிகளைச் சாப்பிட்டோம். அழுத பிறகு கட்டாயம் சாப்பிடவேண்டும், அப்போதுதான் உயிரோடு இருக்கிறவர்களின் பக்கம் திரும்பலாம் என்றார் அன்ரி. அம்மா, அத்தனை கிழமைக்குப் பிறகு, இரண்டாவது பணிஸையும் எடுத்தார். நீங்கள் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை என்று அம்மா என்மூலம் கேட்டார். ஒரு வருடத்துக்கு என்றுதான் வந்தேன், அங்கே போனால் லண்டன்காரி என்கிறார்கள், இங்கே இந்தியக்காரி என்கிறார்கள், இவர் ஒருவர்தான் என்னை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லி அவர் சிரித்தார்.

வீட்டில் அப்பா, என்ன பார்த்தாய் என்று கேட்டார். மாமாவைப் பார்த்தோம் என்றேன். அம்மா தம்பி என்று கூப்பிட்டு அழுததையும், அன்ரி காவலாளிக்குச் சொன்னதையும், மாமாவின் கண் சிப்பியால் ஆனது என்பதையும் ஒழுங்காகச் சொன்னேன். மன்னாரைவிட்டு வரும்போது நான் சின்னப்பிள்ளை. மாமாவின் தோளில் இருந்து கடல் பார்த்தது மட்டுமே ஞாபகம். முகம் ஞாபகம் இல்லை. அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார். அம்மாவைக் கோபிக்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் எழுந்து குசினிக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பூசையில் பாதிரியார், அப்பா எழுதிக் கொடுத்த மாமாவின் பெயரை வாசித்து, அவருடைய இளைப்பாறுதலுக்காக மன்றாடினார். அவ்வளவு தூரம் வந்தவர் இளைப்பாறத்தானே வேண்டும் என்று நான் உரத்து ஆமென் சொன்னேன்.

மெரெ அன்ரி விட்டுவிடவில்லை. அந்தக் காவலாளியே மேலே யாரோ ஒருவரிடம் கதைத்தார் என்று கேள்வி. கூட்டங்களும் வாக்குவாதங்களும் நடந்தன. கடைசியில், மாதத்தில் ஒரு காலை, கதவு திறப்பதற்கு முன்பு, தன் ஆட்களோடு வந்து கூப்பிட்டு அழுதுவிட்டுப் போக அவருக்கு அனுமதி கிடைத்தது. பெட்டிக்குள் நிற்பவரை ஊருக்கே அனுப்பவேண்டும் என்பதுதான் அன்ரியின் கோரிக்கை. அது நடக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அன்ரி ஊருக்குத் திரும்பிப்போனார். அங்கே அவரைப் பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்கக் கேட்டார்களாம். லண்டன் உச்சரிப்பு என்று பகிடி பண்ணுகிறார்கள், ஆனால் கூப்பிடச் சொல்லி என்னைத்தான் முன்னுக்கு விடுகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னார். அதை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த முதற் சனிக்கிழமைக்கு அடுத்துவந்த திங்கட்கிழமையைப் பற்றி. வாரவிடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் ஆசிரியை கேட்டபோது, அருங்காட்சியகத்தில் இருக்கும் என் மாமாவைப் பார்க்கப் போனோம் என்றேன். அங்கே என்ன வேலை என்று கேட்டார். வேலை இல்லை, நிற்கிறார் என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல கற்பனை என்று ஆசிரியை பாராட்டினார். எனக்குக் கோபம் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முறையிட்டேன்.

"மாமா அங்கை நிக்கிறார் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"நீங்கள்தானே தம்பி எண்டு கூப்பிட்டனீங்கள்."

அம்மா என் பின்னலை அவிழ்த்து, மெதுவாகச் சீவத் தொடங்கினார். "ஓம் பிள்ளை. அங்கைதான் நிக்கிறார்."

அடுத்த மாதமும் போனோம். அதற்கடுத்த மாதமும். அன்ரியும் அம்மாவும் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, நான் கண்ணாடியில் மூக்கை வைத்து மாமாவுக்கு என் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லுவேன். புறப்படும்போது, "போட்டு வாறன் மாமா," என்று கையாட்டுவேன். அம்மா முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொள்வார். எனக்கு அதில் பெருமைதான். கோவிலில் அந்தோனியாரைப் போல, சூசையப்பரைப் போல, எங்கள் மாமாவுக்கும் இந்தப் பெரிய நகரத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். சிலையாக நிற்பவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்கள் என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியவில்லை.